கேசட்டில் இல்லாத சொற்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் முதலில் முழங்கால் வலி, அப்புறம் சர்க்கரை, அதற்கப்புறம் வளைகுடாவில் நாம் குடியிருந்த தேரா. அதுவும் அந்தக் காலத்துத் தேரா. ஜன்னல் ஏசியிலிருந்து நடைபாதையில் போகிறவர்கள் தலையில் சொட்டிய தண்ணீர், கீழே மளிகைக் கடையில் காகிதத்தில் சுற்றித் தந்த சூடான குபூஸ் ரொட்டி, அப்ராப் படகில் ஏறி இறங்கினால் சட்டையோடு வீடுவரை வரும் டீசல் வாசனை. உங்களில் பாதிப் பேர் அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள், உங்களுக்கு இதையெல்லாம் நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. எனக்கு ஒன்பது வயதானபோது, ஏப்ரலில் பள்ளி திறந்ததிலிருந்து கோடை லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்வரை, எங்கள் வீட்டுச் சமையலறையில் கார்னிஷ் மொழி பேசினோம்.

சிரிக்காதீர்கள். உண்மையாகத்தான்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் க்ரீக் என்ற உப்பங்கழி ஓரமாக ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. அதற்கு முந்தைய வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவரைக் கூப்பிட்டு, உங்கள் பெண் தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதுகிறாள், வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கே சட்டம் போட்டார். அவர் ஆபீஸிலிருந்து வந்த பிறகு வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான். அம்மா திருச்சியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று அவளுடைய தங்கைகள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முதலில் அப்பா இருக்கும்போது மட்டும். பிறகு அதுவே பழகிப்போய், பகலிலும். தான் தமிழ் பேசினால் என் படிப்பு கெட்டுவிடும் என்று அவளை நம்ப வைத்திருந்தார்கள். ஒரு வருஷத்தில் என்னிடம் அவள் பேச்சு மூன்று சொற்களில் வந்து நின்றது. ஈட். ஸ்டடி. ஸ்லீப்.

எதிர் ஃப்ளாட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் குடிவந்தது. அங்கிளுக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் வேலை. இருபத்தெட்டு நாள் கடல், இருபத்தெட்டு நாள் வீடு. ஆன்ட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆன ஒரு பெண் குழந்தை. நாங்கள் பாப்பா என்று கூப்பிட்டோம். பாப்பா இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. எல்லாவற்றையும் பெரிய மனுஷி மாதிரிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அங்கிளும் ஆன்ட்டியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆன்ட்டி டூட்டிக்குப் போகும் நேரத்தில் அம்மா பாப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்க. அம்மா உடனே தலையாட்டிவிட்டாள். அதன்பிறகு அங்கிள் அப்பாவிடம் என்னவோ வெகுநேரம் சொன்னார். அப்பா பாதிச் சிரிப்போடு அம்மா பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்புக்கு மட்டும் அவர் தன் சட்டத்திலிருந்து விலக்கு எடுத்துக்கொள்வார்.

"பாப்பாகிட்ட அவர் ஊர்ப் பாஷைலதான் பேசணுமாம். கார்னிஷ்னு பேரு."

"கார்னிஷா? நாம காத்து வாங்கப் போற ரோடா?"

"அது கடற்கரை ரோடு. இது இங்கிலாந்துல தென்மேற்கு மூலைல ஒரு ஊரு. அந்த ஊர்ப் பாஷை செத்துப்போச்சாம். ரொம்ப காலமா பேச ஆளே இல்லாம இருந்துச்சாம். இப்ப புஸ்தகத்தைப் பாத்து, தபால்ல பாடம் வாங்கி, கொஞ்சம் பேர் படிக்கிறாங்களாம். பாப்பாவுக்கு அதுதான் முதல் பாஷையா இருக்கணும்னு இவருக்கு ஆசை. ஆன்ட்டிக்கு அது தெரியாது. இவர் ரிக்குக்குப் போனா பாப்பாகிட்ட பேச ஆளில்ல."

அம்மா யோசித்தாள். "செத்துப்போச்சுன்னா இவர் எப்படிங்க பேசுறாரு?"

அப்பா அதை இங்கிலீஷில் சொன்னார். அங்கிள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தார். பிறகு, இந்தக் கேள்வியை என் ஊரிலேயே யாரும் கேட்டதில்லை என்றார்.

"எனக்கு இங்கிலீஷே வராதே, இது எப்படி வரும்?" என்று அம்மா கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. இங்கிலீஷ் வராததுதான் வசதி. தெரிந்தவர்கள் என்றால் அவசரத்தில் அதற்குத் தாவிவிடுவார்கள். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் ஒரு கேசட் வந்தது. அங்கிள் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தானே பேசிப் பதிவு செய்தது. ஒரு சொல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி அதே சொல். இடைவெளியில் அவர்கள் வீட்டு ஏசி உறுமுவது கேட்கும். என்ன பொருளுக்கு என்ன சொல் என்று அவர் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த தாளை நான் படித்துத் தமிழில் சொல்ல, அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். இந்தப் பாட விஷயத்துக்கு மட்டும் என்னிடம் தமிழ் பேசுவாள். டேப் ரெக்கார்டர் சமையல் மேடையில், கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் பொத்தான்களில் சாம்பார்ப் பொடி ஒட்டியிருக்கும்.

தண்ணீர் தவுர். ரொட்டி பாரா. ஆகவே குபூஸும் பாரா, தோசையும் பாரா. வீட்டுக்கு ச்சீ என்று கேசட் சொன்னபோது அம்மா அதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வீட்டைப் போய் ச்சீங்கிறாரு." கடலுக்கு அவர்கள் மொழியில் மோர். இது அம்மாவைப் படுத்தி எடுத்துவிட்டது. மத்தியானம் பாப்பாவுக்கு மோர் கலந்து கொடுத்தால் அதற்கு என்ன பெயர் சொல்வது? அங்கிள் இதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் பெண் தினமும் ஒரு டம்ளர் கடல் குடிக்கிறாள் என்று ரிக்கில் எல்லாரிடமும் சொன்னாராம். இங்கே வா என்பதற்கு 'தேஸ் ஒம்மா.' அம்மா பாப்பாவை அப்படிக் கூப்பிட்டதை முதன்முதலாகக் கேட்ட அன்று அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். நம் ஊர்த் தெருச்சண்டையில் அதற்கு வேறு அர்த்தம்.

அங்கிள் வீட்டிலிருந்த இருபத்தெட்டு நாளும் சாயங்காலத்தில் அரைமணி நேரம் வந்து உட்கார்ந்து அம்மா சொல்வதைக் கேட்பார். எனக்குப் பசிக்கிறது என்பதற்கு அவர்கள் 'இமா நவுன் திம்' என்பார்கள். அதைச் சொல்சொல்லாகப் பிரித்துச் சொன்னார். இமா என்றால் இருக்கிறது. நவுன், பசி. திம், எனக்கு.

"எனக்குப் பசி இருக்கு" என்றாள் அம்மா. "நாம சொல்ற மாதிரியேதானே இருக்கு. இங்கிலீஷ்லதான் ஐ ஹேவ், ஐ ஆம்னு குழப்புவாங்க."

பால் இருக்கா என்று கேட்டால் அவர்களும் ஆமாம், இல்லை என்று தனியாகச் சொல்வதில்லை. 'ஏஸ் லேத்?' என்று கேட்டால் 'ஏஸ்'தான் பதில். இருக்கா? இருக்கு. இல்லாவிட்டால் 'நாக் ஏஸ்.' அம்மாவுக்கு இதெல்லாம் சொந்தக்காரர்களை வழியில் பார்த்த மாதிரி இருந்தது. பூனைக்குக் காத். முன்னால் 'அன்' என்று ஒரு துண்டு சேர்ந்தால், காது என்பதில் வரும் கா மாறி அங்காடி என்பதில் வரும் கா ஆகிவிடும். அங்கிள் இதில்தான் பல மாதம் தடுமாறினாராம். அம்மா ஒருதடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தானே, இடத்தைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்ளும். இதை அங்கிளுக்கு நான் விளக்கியபோது அவர் அம்மாவின் நோட்டை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ரிக்குக்குக் கிளம்பிப் போனதும் அம்மா மறுபடி வாயாடியானாள். அதில்தான் எனக்குக் கஷ்டம் ஆரம்பித்தது.

ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டு வியர்வையும் பசியுமாக வருவேன். கதவைத் திறக்கும்போதே உள்ளே பேச்சு கேட்கும். அம்மா காய் நறுக்கிக்கொண்டே பாப்பாவிடம் பேசுவாள். தண்ணீர் இருக்கு, பால் இருக்கு, பூனை இருக்கு. அப்பா கடல்மேல் இருக்கிறார், 'இமா தாஸ் வார் அன் மோர்.' பாப்பா அவள் மடியில் தலை வைத்துக் கிடக்கும். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். முகம் நிறையச் சிரிப்பு இருக்கும். வாயிலிருந்து வருவது மட்டும், "ஈட்."

ஒன்பது வயதில் இதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்குத் தெரியாது. பாப்பாவைக் கிள்ளவும் தோன்றவில்லை, ஏனென்றால் அதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பேச்சுக்குள் எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அது ஒருநாள் தானாகக் கிடைத்தது. ஜன்னல் ஏசியைக் காட்டி, "இதுக்கு அவங்க என்னடி சொல்வாங்க? கேசட்ல இருக்கா பாரு" என்றாள் அம்மா. கேசட்டில் இல்லை. எனக்கு அது தெரியும். கேசட்டை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்பது மாதிரி பாவனை செய்தேன். இரண்டு சொற்களுக்கு நடுவில் அந்த உறுமல் வந்தது.

"இருக்கும்மா. ஹுலூம்."

அம்மா நோட்டில் எழுதிக்கொண்டாள். ஹுலூம், ஏசி.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. லிஃப்ட்டுக்குத் திப்போ. மிக்ஸிக்குப் பெலூத். பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் க்ரன்னி. அம்மா கேட்பாள், நான் கேசட்டில் தேடுகிற மாதிரி தேடி ஒன்றைச் சொல்வேன். அவள் என்னிடம் கேட்பதற்காகவே காத்திருப்பேன். பதினோரு சொல் சேர்ந்துவிட்டது. சாயங்காலங்களில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போவேன். கதவு திறக்கும்போது திப்போ, மூடும்போது திப்போ. பாப்பா சிரித்துச் சிரித்து விக்கும்.

பாப்பா முதலில் பேசியது ஒரு மத்தியானம். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. மின்சாரம் போய் ஏசி நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. ஏசி உறுமியதும் பாப்பா எழுந்து நின்று, அதைப் பார்த்து விரலை நீட்டி, தெளிவாக, "ஹுலூம்" என்றது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பாப்பாவை வாரித் தூக்கிச் சுற்றினாள். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த நாலு நாளில் திப்போ வந்தது, பெலூத் வந்தது. நான் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தவைதான் முதலில் வந்தன. கேசட் சொற்கள் இன்னும் அதன் வாயில் முழுசாக உருளவில்லை.

ஆன்ட்டியின் வீட்டிலும் பாப்பா சொல்லியிருக்கிறது. ஆன்ட்டி அங்கிளின் அகராதியை எடுத்துத் தேடியிருக்கிறார். எந்த எழுத்தில் தேடியும் கிடைக்கவில்லை. டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் முகம் தூக்கமில்லாமல் வாடியிருந்தது. இந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம், உன் அம்மாவிடம் கேள் என்று என்னிடம் சொன்னார்.

நான் கேட்டேன். அம்மா பளிச்சென்று சொன்னாள். "ஹுலூம்னா ஏசி. திப்போ லிஃப்ட்டு. பெலூத் மிக்ஸி. எல்லாம் சரியாத்தான் சொல்லுது, கவலைப்படாதீங்கன்னு சொல்லு."

அம்மாவின் தமிழ் வேகத்தில் ஏசியும் லிஃப்ட்டும் ஆன்ட்டியின் காதில் பிடிபடவில்லை. நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் சொன்னால் ஆன்ட்டி மறுபடி அகராதியைப் பார்ப்பார், கேசட்டைப் போட்டுக் கேட்பார், அதில் இருக்காது. மாட்டிக்கொள்வேன். என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "அம்மாவுக்குத் தெரியாதாம்" என்று இங்கிலீஷில் சொன்னேன். "அது சும்மா ஏதோ சத்தமாம்."

ஆன்ட்டி அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினாள், தன் பதில் போய்ச் சேர்ந்துவிட்ட நிம்மதியில். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆன்ட்டி குழந்தையை ஒரு டாக்டரிடம் காட்டினார். குழந்தை பேசுவது எந்த மொழியும் இல்லை, பல மொழி கலந்து குழம்பிப்போயிருக்கிறது, இனி ஒரே மொழி, இங்கிலீஷ் மட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆன்ட்டி வந்து அப்பாவிடம் சொல்ல, அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நானும் இதைத்தான் சொல்றேன்" என்றார். அம்மாவிடம் திரும்பி, "இனிமே பாப்பாகிட்ட இங்கிலீஷ் பேசு. இல்லாட்டி பேசாம இரு" என்றார்.

அம்மா பேசாமல் இருந்தாள்.

பாப்பா காலையில் வந்து அவள் முன்னால் உட்கார்ந்து, வாயையே பார்க்கும். அம்மா பால் கொடுப்பாள், முகம் துடைப்பாள், தூங்க வைப்பாள். ஒரு சத்தம் இருக்காது. மூன்றாம் நாள் பாப்பா எழுந்து அம்மாவின் உதடுகளைத் தன் விரலால் பிரிக்கப் பார்த்தது. அம்மா எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் ஆன்ட்டி பாப்பாவை ஒரு நர்சரியில் சேர்த்துவிட்டார். அங்கே போன பாப்பா ஹுலூமைக்கூட விட்டுவிட்டது. எதுவுமே பேசவில்லை. நர்சரியிலிருந்து திரும்பும்போது ஆன்ட்டியின் கையை உதறிவிட்டு வந்து எங்கள் கதவை உள்ளங்கையால் தட்டும். திறக்கக் கூடாது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பாள், நான் பார்த்திருக்கிறேன். நான் ஏன் அப்போதே உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அடி விழுமே என்ற பயம் முதல் இரண்டு நாள்தான். அதற்குப் பிறகு, இவ்வளவு ஆகிவிட்டதே என்ற பயம்.

அங்கிள் ரிக்கிலிருந்து திரும்பினார். அம்மா கேசட்டைத் துடைத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தாள். மறுநாள் மத்தியானம் அவர் வந்தபோது அதை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, நோட்டைக் காட்டிக் கேட்டார். ஒருமுறை முழுசாகப் படித்துக் காட்ட முடியுமா, கடைசியாக ஒருதடவை கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அம்மா படித்தாள். முதல் பக்கத்திலிருந்து. தவுர், பாரா, லேத், காத். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். தோளைக் குறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஏழாம் பக்கத்தில், "ஹுலூம்" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "அது என்ன?"

அம்மா ஏசியைக் கையால் காட்டினாள். அவர் அப்படி ஒரு சொல் இல்லை என்று தலையசைத்தார்.

"கேசட்ல இருக்குன்னு சொல்லு" என்றாள் அம்மா என்னிடம். "நீதானடி கேட்டுச் சொன்னே?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அழுகையோடு அழுகையாக, முதலில் அம்மாவிடம் தமிழில், பிறகு அங்கிளிடம் இங்கிலீஷில், எல்லாவற்றையும் சொன்னேன். கேசட்டில் இல்லை. நானாகச் சொன்னேன். பதினோரு சொல். ஏசி அப்படித்தான் சத்தம் போட்டது.

அங்கிள் கொஞ்ச நேரம் ஏசியின் சத்தத்தைக் கவனித்துக் கேட்டார். "எங்கள் ஊரில் எப்போதும் குளிர்தான். இதற்குச் சொல் தேவைப்படவே இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சட்டென்று ஏதோ பிடிபட்டவர்போல எழுந்து, எதிர் ஃப்ளாட்டுக்குப் போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஆன்ட்டியும் வந்து வாசலில் நின்றார். அங்கிள் பாப்பாவை ஏசிக்குக் கீழே இறக்கிவிட்டார். பாப்பா அண்ணாந்து பார்த்தது. எங்களையெல்லாம் ஒருதடவை பார்த்தது, பேசலாமா என்று அனுமதி கேட்பது மாதிரி. அம்மா தாங்க மாட்டாமல், "தேஸ் ஒம்மா" என்று கையை நீட்டிவிட்டாள். பாப்பா ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஏசியைக் காட்டி, "ஹுலூம்" என்றது. மேடைமேல் இருந்த மிக்ஸியைப் பார்த்துப் "பெலூத்" என்றது. வாசல் பக்கம் திரும்பி, வெளியே, லிஃப்ட் இருக்கும் திசையில் விரலை நீட்டியது.

"பேசுகிறாள்" என்றார் அங்கிள், மனைவியிடம். "ஒவ்வொன்றும் சரியான பொருளுக்குச் சரியான சொல். நமக்குத்தான் தெரியவில்லை."

ஆன்ட்டி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் நேராக என்னிடம் வந்தார். குனிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அன்றைக்கு நான் கேட்டபோது உன் அம்மாவுக்குத் தெரியாது என்று ஏன் சொன்னாய்? என் குழந்தைக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று நான் எத்தனை நாள் தூங்காமல் இருந்தேன் தெரியுமா?

"ஆன்ட்டி என்னடி கேக்குறாங்க?" என்றாள் அம்மா.

அங்கே வேறு மொழிபெயர்ப்பாளர் கிடையாது. நான்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு தடவை ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன்.

அம்மா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் தெரியாதுன்னா சொன்னேன்?"

"இல்லம்மா."

"தெளிவாத்தானே சொன்னேன்?"

"ஆமாம்மா."

அவள் என்னை அடிக்கவில்லை. பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றாள். ஆன்ட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று அவள் தோளில், பாப்பாவின் தலைக்குப் பக்கத்தில், தன் தலையையும் சாய்த்துக்கொண்டு அழுதார். பிறகு ஒன்று சொன்னார். அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. எந்த மொழியானாலும் பரவாயில்லை, இவளோடு பேசிக்கொண்டே இருங்கள் என்பதை அவர் கையாலேயே சொல்லிவிட்டார்.

பாப்பா மறுநாளிலிருந்து வந்தது. ஜூன் முடிவதற்குள் மழை பெய்த மாதிரி பேசியது. அதில் பாதி அங்கிளின் மொழி, கொஞ்சம் ஆன்ட்டியின் மொழி, கேட்காமலே ஒட்டிக்கொண்ட தமிழ், என்னுடைய பதினொன்று. அங்கிள் அந்தப் பதினொன்றையும் தன் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். கிண்டலுக்கு இல்லை, பென்சிலைக் கூராக்கி, ஒவ்வொன்றையும் இரண்டுதடவை சொல்லச் சொல்லித்தான். அடுத்த வருஷம் அவருடைய காண்ட்ராக்ட் முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். ஒரு புகைப்படம் வந்தது. பாறைகள், சாம்பல் நிறக் கடல், தொப்பி போட்ட பாப்பா. பின்னால் எதுவும் எழுதியிருக்கவில்லை. பாப்பாவுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். எந்த மொழியில் பேசுகிறாளோ, தெரியாது. நாங்கள் ஊரோடு திரும்பியபோது அம்மாவின் நோட்டு கப்பலில் அனுப்பிய பெட்டிகளில் ஒன்றோடு எங்கேயோ போய்விட்டது. எனக்கு இன்று நினைவிருப்பவை முப்பது நாற்பது சொற்கள்தான். அம்மா போன பிறகு அவற்றைச் சொல்லிப் பார்க்கவும் ஆளில்லை.

டாக்டரையும் டீச்சரையும் இப்போது நான் குற்றம் சொல்ல மாட்டேன். நம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளிடமும் அதையே செய்தோம் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆன்ட்டி அம்மா தோளில் சாய்ந்து அழுத அந்த நாளின் சாயங்காலத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

அப்பா ஆறு மணிக்கு வந்தார். கை கால் கழுவி மேஜையில் உட்கார்ந்தார். அம்மா தட்டை வைத்தாள். உட்காராமல் நின்றுகொண்டே, மத்தியானம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். தமிழில்.

"இங்கிலீஷ், இங்கிலீஷ்" என்றார் அப்பா, பழக்கதோஷத்தில்.

"இல்லைங்க. எனக்கு அது வராது."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொல்லாததை நான் சொன்னதா இவ சொல்லிருக்கா. தப்புதான். அதுக்கு நான் இவளைத் தனியா கேட்டுக்கறேன். ஆனா நான் வாயே திறக்காம இருந்தா, என் வாயில யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் போடலாம்னுதானே ஆகுது? ஊர்ல யாரும் பேசாத பாஷைய ரெண்டு மாசத்துல கத்துக்கிட்டேன். ஊரான் பிள்ளைகிட்ட நாள் பூரா பேசுனேன். என் பொண்ணுகிட்ட ஒரு வருஷமா மூணு வார்த்தைதான் பேசிருக்கேன். இவளுக்கு மார்க் குறைஞ்சா குறையட்டும்."

அப்பா சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில், "ரசம் இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றாள் அம்மா.

அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனதும் அம்மா சமையலறைத் தரையில், ஃப்ரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் கதவோரமாக நின்றேன். அடி இப்போது விழும் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன். அவள் புடவையில் பெருங்காய வாசனை அடித்தது.

"ஸ்கூல்ல என்னடி நடந்துச்சு?"

"இன்னிக்கா?"

"எப்பலேருந்து எங்கிட்ட சொல்லலையோ, அப்பலேருந்து."

நான் போன வருஷம் பள்ளி திறந்த முதல் நாளிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு என் டிஃபனில் பாதியைக் கொடுத்தது, பஸ்ஸில் ஷூ தொலைந்தது, கடைவாய்ப் பல் விழுந்து அதை ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்து வைத்தது. பல் விழுந்தது அம்மாவுக்குத் தெரியாது. "எங்க, காட்டு" என்று என் வாயைத் திறந்து, விளக்கு வெளிச்சம் படும்படி திருப்பிப் பார்த்தாள். அந்த இடத்தில் புதுப்பல் முழுசாக முளைத்திருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒருதடவை தடவிவிட்டு, "ம், அப்புறம்?" என்றாள்.